தானாக ஓடிய பம்பு

மறுபடியும் டக்கென்று கேட்டது.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். மத்தியான நேரம். மீன்பிடிப் படகில் எல்லோரும் தூக்கம். யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. பிறகு பம்பு ஏன் ஓடுகிறது?

குடிதண்ணீர்ப் பம்பு அது. மேலே அடுக்களைக் குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். அதற்குமேல் அதற்கு அறிவு கிடையாது. இன்ஜினோடு சேர்த்து அதையும் பார்ப்பது அவன் வேலை.

நேற்றுதான் பிரித்தான். கிழியத் தொடங்கியிருந்த ரப்பர் டயாப்ரத்தை மாற்றினான். வால்வுகளில் சிக்கியிருந்த துருவைச் சுரண்டினான். மாட்டியதும் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக நின்றது. இன்று பழைய குருடி கதவைத் திறடி.

டேங்கில் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. எங்கே போகிறதென்று தெரியாமல் அவனுக்கு மண்டை காய்ந்தது.

ஆழ்கடலில் தண்ணீர் திருடுகிறவன் கிடையாது. படகோட்டும் ஸ்ராங்கு அளந்து தரும் குவளைக்கு மேல் ஒருவனும் தொடமாட்டான். ஆகவே குற்றம் பம்பின்மேல்தான்.

குழாயில் மூட்டுக்கு மூட்டு கோதுமை மாவு தூவினான். ஒரு சொட்டு கசிந்தாலும் மாவு காட்டிக் கொடுத்துவிடும்.

மாவு உலர்ந்தே கிடந்தது.

படகின் அடியில் தேங்கிய நீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. நல்ல தண்ணீர் அதில் கலக்கவில்லை.

டக். டக்.

இந்த முறை அவன் பம்பைப் பார்க்கவில்லை. குழாயின் போக்கிலேயே ஏணியில் ஏறினான்.

அடுக்களையில் அவன் அண்ணன் ராயப்பன். குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். மூச்சு வாங்கினான். மறுபடி குனிந்தான்.

அப்பா கடைசியில் இப்படித்தான் குடித்தார். சுகர் என்று தெரிவதற்குள் கால் போயிற்று, பிறகு ஆளும்.

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

“ஸ்ராங்குகிட்ட சொல்லிராதடே,” என்றான் ராயப்பன். “கரைக்குப் போனா இனி எந்த போட்டுலயும் என்னை ஏத்தமாட்டானுவ.”

மீன் அறை பாதிகூட நிறையவில்லை. படகைத் திருப்பினால் அத்தனை பேருக்கும் வெறுங்கை. திருப்பாவிட்டால்?

கீழே வந்து ஏணிப்படியில் உட்கார்ந்தான். ஒன்றும் பிடிபடவில்லை. பம்பிடம்கூட இப்படிக் குழம்பியதில்லை.

பிறகு எழுந்து கேன்களை நிரப்பினான். கரை சேரும்வரை எல்லோருக்கும் போதும். ராயப்பனுக்கென்று தனியாக ஒன்று.

பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்துவிட்டான்.

டேங்கு காலியாகும்வரை பம்பு நிற்கவில்லை. படகின் அடியில் விழுந்த நல்ல தண்ணீரைக் கழிவுநீர்ப் பம்பு கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு ஸ்ராங்கு இறங்கி வந்தார். நனைந்த மாவைப் பார்த்தார். கழன்று தொங்கிய குழாயைப் பார்த்தார்.

“இனி கரைக்குத்தான் திரும்பணும். எவன்டே மாட்டுனது இத?”

ஏணியின் மேலே ராயப்பன் வந்து நின்றான். வாயைத் திறக்கப் போனான்.

“நாந்தான்,” என்றான் அவன்.