மாதி வீட்டு அடுப்பு

மின்கம்பம் ஏறாத அந்த மலையூரில், மாதி வீட்டு அடுப்பில் மட்டும் ஒரு தகட்டை வைத்துப் பூசியிருந்தார்கள். அடுப்பு எரிந்தால் அந்தச் சூட்டில் கரண்டு வரும். ஊரார் போன்களெல்லாம் அங்கேதான் சார்ஜ் ஏறும். மாதி காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் அடுப்பு எரியவில்லை. போய்க் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. நான்காம் நாள் காலை அவள் இறந்தபோது ஊரில் ஒரு போனிலும் உயிரில்லை. மகள் செவந்தி திருப்பூரில், பனியன் கம்பெனியில் இருந்தாள்.

செவந்தியின் அப்பா சடையன், போனுக்குச் சார்ஜ் ஏற்ற விறகை எடுத்ததும் மாதியின் அண்ணன் அவர் கையைப் பிடித்தார். “எழவு ஊட்ல அடுப்பு பத்த வெக்கறதா மாப்ள? மொதல்ல எடுத்தறலாம்.”

“பெத்த புள்ள மொகம் பாக்காம எப்படி மச்சான் எடுக்கறது?”

அண்ணன் கையை விட்டார். சடையன் தீ மூட்டி, வெறும் அடுப்பாக எரிய வேண்டாமென்று ஒரு பானைத் தண்ணீரை ஏற்றினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் புகையைப் பார்த்து அடங்கினார்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது போன் விழித்தது. சடையன் மகளை அழைத்தார்.

“அப்பா! மூணு நாளா லைனே கெடைக்கல, பயந்தே போயிட்டேன்” என்றாள் செவந்தி. பிறகு சிரித்தாள். “அப்ப அடுப்பு எரியுது. அம்மா என்ன ஆக்குது?”

“தண்ணிதான் கொதிக்குது கண்ணு. நீ அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பி வா.”

“அம்மாகிட்ட போனக் குடுப்பா” என்றாள் செவந்தி. சார்ஜ் நின்றுவிடக் கூடாதென்று சடையன் இன்னொரு விறகை உள்ளே தள்ளினார்.