போயிட்டு வரேன்

பயிற்சி ஆசிரியை அஞ்சுகம் எழுதிய ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரியைக் கணினித் திரை தப்பென்று சிவப்பாக்கியது. பள்ளிக்குக் கிளம்பும் சிறுமி தன் அம்மாவிடம், ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்லும் வரி அது.

“உலகத்துல வேற எந்தப் பிள்ளைக்கும் இது புரியாதும்மா. ‘ஐ ஆம் கோயிங்’னு மாத்து,” என்றார் மேற்பார்வையாளர்.

“எங்க ஊருல எழவு வீட்டுலதான் சார், வரேன்னு சொல்லாம கிளம்புவாங்க. உங்க உலகத்துல எங்க ஊரு கிடையாதா?”

“வாய் நல்லாத்தான் இருக்கு. வேலை வேணுமா, வேணாமா?”

வேணும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அம்மாவை அங்கிருந்து மீட்க அந்த வேலை ஒன்றுதான் வழி. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். அன்றைக்கே அந்தப் பாடம், பிள்ளைகளின் பேச்சைத் திருத்திப் பாடம் சொல்லித்தரும் காதுக்கருவிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை ஆலை வேன் வாசலில் வந்து நின்றது. “போயிட்டு வரேன்டி,” என்றாள் அம்மா.

தங்கை மதுமிதாவின் காதில் கருவி முணுமுணுத்தது. “தப்பும்மா. போறேன்னு மட்டும்தான் சொல்லணும். தமிழ்லயும் அப்படித்தானாம்,” என்றாள் மதுமிதா.

“அக்கா எழுதுன பாடமாடி?” அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “சரிங்க டீச்சர். போறேன்.”

“அம்மா, வரேன்னு சொல்லு!” அடுப்படியிலிருந்து அஞ்சுகம் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். வேன் கிளம்பிவிட்டது. சன்னல் வழியே அம்மா சிரித்தபடி கையாட்டினாள்.

தெருவில் மற்ற பெண்கள் அடுத்த வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று, ‘போறேன்’ என்றாள்.