மொட்டைமாடிச் சாக்குகள்

தெருமுனை மளிகைக்கடை திறக்குமுன் வேலைக்குப் போய், மூடியபின் வீடு திரும்புகிற மெக்கானிக், சாப்பிட்ட கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி ஏறினார். சாக்குகளில் உருளைக்கிழங்குச் செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

“செடி வளர வளர மண்ணை ஏத்தணும். புதைஞ்ச தண்டுலதான் கிழங்கு வைக்கும். இலை பழுத்தப்புறம்தான் தோண்டணும்,” என்றார் வழக்கம்போல.

“இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே வேர் விட்டுடுச்சுங்க.”

“சிரி, சிரி. சரக்கு லாரி வராம மளிகைக்கடையை மூடிட்டா, பிள்ளைங்க வயித்துக்கு இதுதான். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. நல்லவேளை, கடைக்காரர் இன்னும் நல்ல கிழங்காத்தான் கொடுக்கிறார். இன்னிக்கு மாவா வெந்திருந்துச்சு.”

சாக்கை நகர்த்தக் குனிந்தவரின் கையில் முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. சாக்கின் அடிப்பக்கத்தை யாரோ கத்தியால் கீறி, சணலால் தைத்திருந்தார்கள். பதறிப் பிரித்துத் துழாவினார். மண்ணோடு கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு கிழங்கு வந்தது.

“திருடன் பூந்துட்டான்டி!”

“திருடன் தைச்சு வச்சுட்டா போவான்?” அவள் சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்தாள். “கடை மூடி ஒரு மாசமாச்சுங்க. நாம சாப்பிடறது இந்தக் கிழங்கைத்தான்.”

அவர் டார்ச்சை அடுத்த சாக்கின் அடியில் அடித்தார்; அங்கேயும் தையல்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“இந்தப் பச்சையைப் பார்த்துட்டு வந்துதானே கொஞ்சமாவது தூங்குறீங்க. அதான் செடி வாடாம, அடியில மட்டும் எடுத்தேன்.”

அவர் அந்தச் சின்னக் கிழங்கை மறுபடி மண்ணுக்குள் வைத்து மூடினார்.