கோபுரக் கொண்டை

“என் கொண்டை உள்ளே நுழைஞ்ச பிறகுதான் ஆலைச் சங்கே ஊதும்!”

கோபுரம் சொன்னதும் கூடமே சிரித்தது. நூல் ஆலையின் பழைய தொழிலாளர்கள் ஒன்றுகூடிய நாள். அவள் தலையில் இப்போது எலுமிச்சம்பழ அளவு முடிச்சுதான். ஆனாலும் பட்டப்பெயர் மட்டும் உதிரவில்லை.

சுவரில் பெரிதாக்கிய புகைப்படம். இருபது பெண்கள், உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டைகள், அவற்றின் மேல் புள்ளி போட்ட ஸ்கார்ஃப். நடுவிலிருந்தவள் கொண்டை மட்டும் ஒரு சாண் கூடுதல் உயரம்.

ஓரமாக, தொப்பியும் தானுமாக ஒரு கிழவர். அந்நாளில் ஆலை வாசலில் காவல் நின்றவர். பட்டப்பெயர் கழுகு. டிபன் டப்பாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

கோபுரம் அவரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வேண்டாம்டி, பாவம். இந்த வயசுல மனசு நொந்துடப் போறாரு” என்று தோழி கையைப் பிடித்தாள்.

“நாப்பது வருஷமா அடக்கி வச்சிருக்கேன். அவரை ஜெயிச்சேன்னு அவர்கிட்டயே சொல்லணும், விடு!”

கழுகின் பக்கம் திரும்பினாள். “அண்ணே, திங்கக்கிழமை ஆனா மெஷினுக்கு மெஷின் ஒரு நோட்டீஸ் கிடக்குமே, ஞாபகம் இருக்கா? ‘எட்டு மணி நேரம் நிற்கிறோம், உட்கார ஸ்டூல் கொடு’ன்னு?”

“மறக்குமா? மேனேஜர் என் தொப்பியிலிருந்து செருப்பு வரைக்கும் சோதிச்ச பிறகுதான் என்னையே வாசல்ல நிறுத்துவாரு.”

“எல்லாரும் கொண்டை எடுப்பா நிக்கப் பஞ்சு வைப்பாங்க. நான் நோட்டீஸைச் சுருட்டி வச்சேன்! மாட்டியிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும். வீட்ல சம்பாதிச்சது நான் ஒருத்திதான்.”

“ஓஹோ! உனக்கு யார் கொடுத்தா?”

“அதுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியலை. காலையில என் ஜன்னல்ல கட்டு இருக்கும். முதல் கட்டுல மட்டும் ஒரு சீட்டு: ‘கொண்டைக்குள் வை.’ கடைசியில ஸ்டூல் வந்துச்சா இல்லையா? நீங்களோ டப்பாவையே மோந்துக்கிட்டு நின்னீங்க. மிஞ்சிப்போனா, ‘ஏய் கோபுரம், ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டு’ன்னு ஒரு அதட்டல். அவ்வளவுதானே கழுகுப் பார்வை?”

கிழவர் அசரவில்லை.

“காகித முனை வெளியே நீட்டிக்கிட்டிருந்தா வேற என்னம்மா சொல்றது?”

கோபுரத்தின் கை தானாகவே தலையிலிருந்த முடிச்சைத் தொட்டது.

“ஞாயித்துக்கிழமை பூரா கார்பன் வச்சு எழுதினவனுக்கு அதை உள்ளே கொண்டு போகத் தெரியாதா?” கழுகு தொப்பியைக் கழற்றிப் பளபளத்த மண்டையைத் தடவிக்கொண்டார். “இருபத்தஞ்சு வயசுலயே வழுக்கை விழுந்த தலையில எங்கேம்மா ஒளிக்கிறது?”