ஆளில்லாத கழுதை

"ஆருடைய கழுதை இது?"

மிருக வைத்தியர் கேட்டதும் மரியநாயகம் பார்வையைத் திருப்பினார். "ஆருக்குத் தெரியும் டொக்டர்? மன்னார் பஸ் நிலையத்தடியில வான் வண்டியொண்டு அடிச்சுக் கிடந்தது. பாவமெண்டு ஏத்திக்கொண்டு வந்தனான்."

"அப்ப காசு வேண்டாம். ஆரும் வளர்க்கிற கழுதையெண்டால்தான் கட்டவேணும்."

மரியநாயகம் சட்டைப் பையைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். வைத்தியர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"நோவுக்கோ டொக்டர்?"

"இல்லை, நோகாமல் சாகிறதுக்கு. கால் முறிஞ்சிட்டுது. கட்டுப்போட்டாலும் மூண்டு மாசம் பக்கத்தில இருந்து பார்க்க ஆள் வேணும். இதுக்கு ஆர் இருக்கினம்?"

ஊசி கழுத்தை நெருங்கியது.

"பவளம்!" தலைமாட்டில் குந்தியிருந்த மரியநாயகம் அலறினார்.

கண்ணை மூடிக் கிடந்த கழுதை மெல்லத் தலையைத் தூக்கி, நெடுநாள் பழகிய இடம்போல, அவர் மடியில் வைத்தது.