ஒரே விளக்கம்

"ஒரே மனம்! ஒரே விளக்கம்!" என்று முழங்கியது அரசுக் குழந்தைநல அலுவலகச் சுவர். மூன்று மாதமாக வாய் திறக்காத எழிலியின் மௌனத்துக்கு, உளவியலாளர்களான பெற்றோர் தனித்தனியே காரணம் எழுத வேண்டும். சென்ற முறை மாறுபட்டார்கள்; இன்றும் மாறுபட்டால் மகள் அரசுக் காப்பகத்துக்கு.

மூளைக் கோளாறென்று வாதாடிய செழியன், மகளை இழக்க அஞ்சி, மனைவி சொல்லிவந்த "பள்ளி தந்த அச்சம்" என்பதையே எழுதினான். மகளை இழக்கும் அதே அச்சத்தில் செம்மலர், கணவனின் "மூளைக் கோளாறு" என்பதை எழுதினாள்.

அதிகாரி தாள்களை ஒப்பிட்டார். "மறுபடியும் ரெண்டா? படிச்சவங்கதானே நீங்க? வண்டியை வரச் சொல்லுங்கப்பா!"

"நீ ஏன்டி மாத்துன?"

"நீங்க ஏங்க மாத்துனீங்க?"

ஓரமாக உட்கார்ந்திருந்த எழிலி எழுந்து வந்து அதிகாரியின் பேனாவைப் பிடுங்கி, இரு தாள்களுக்கும் குறுக்கே மூன்றாவது காரணத்தை எழுதினாள்: "என்னிடம் எவருமே கேட்கவில்லை."