தினம் ஒரு புதுச் சமையல்

அன்றும் மேஜையில் புதுப் பதார்த்தத்தைக் கண்டதும் த்ராகோமிருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வாரமா இதே கூத்து! வழக்கமான பீன்ஸ் சூப்புக்கு என்னடி கேடு?"

"பிளம்ஸ் போட்ட கோழிக்கறி. சாப்பிட்டுப் பாருங்க," என்று தட்டை ணங்கென்று வைத்தாள் மனைவி பென்கா.

ஒரு வாய் வைத்தவன் முகத்தைச் சுளித்தான்.

"இதையாவது ஒழுங்கா செய்யத் தெரியுதா? இதுல போடுற வால்நட் எங்க?"

பென்காவின் முகம் சிவந்தது.

"தினமும் இந்தக் கட்டடத்துல ஒருத்தியோட கைப்பக்குவத்தைக் கேட்டுச் சமைச்சேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு சாமானை வேணும்னே விட்டேன். இதுல வால்நட் போடுறவ மாடி வீட்டு ஸ்வெத்லா மட்டும்தான். ஓவர்டைம்னு சொல்லிட்டு நீங்க எங்க போறீங்கன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு."

அவள் வாசற்கதவை விரியத் திறந்தாள்.

"மீதியை மேல போய்ச் சாப்பிடுங்க!"